கல்யாண மண்டபத்தில் உப்பு இறுகிய கதை

ஏசி வேலை என்றாலே நாங்கள் சில்லென்று உட்கார்ந்திருப்போம் என்று நினைக்கிறார்கள்; எங்கள் மிஷின் ரூமில் கேஸ் எரிகிறது, சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. பன்னிரண்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு, மாமல்லபுரம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் சேர்ந்தேன். தற்காலிகம்தான். "ஒரு கம்ப்ளெயின்ட் வந்தாலும் வூட்டுக்குக் கிளம்பிடு" என்பது மேனேஜரின் நிபந்தனை. இப்படி ஒருவரிடம் வேலை பார்த்தவர்களுக்கு என் நிலைமை புரியும்.

அடுப்பு

ரிசப்ஷனுக்கு முன் பெண்ணின் தாய்மாமன் வேர்க்க விறுவிறுக்க வந்தார். கூலிங் ஏற நேரமாகும் என்றால் கேட்கவில்லை. விளக்கினேன். காற்றே இல்லாத தொட்டிக்குள் தண்ணீர் லேசான சூட்டிலேயே ஆவியாகும். ஆகும்போது பக்கத்துப் பைப்பில் ஓடும் தண்ணீரின் சூட்டைப் பிடுங்கிக்கொள்ளும். அந்தக் குளிர்ந்த தண்ணீர்தான் ஹாலைக் குளிர வைக்கிறது. ஆவியை ஒரு உப்புக் கரைசல் குடித்துவிடும். குடித்ததைக் கக்க வைக்கத்தான் நெருப்பு. எல்லாம் கேட்டுவிட்டு, மிஷினில் இருக்கும் சின்னக் கண்ணாடி வழியே நெருப்பு எரிவதை எட்டிப் பார்த்தார். "ஏசி போடச் சொன்னா, இன்னாமா, சோறு வடிச்சிகினு கீற!"

பம்பு

நெருப்பை அணைத்த பிறகும், கரைசலைச் சுற்றவிடும் பம்பு கொஞ்ச நேரம் ஓடியாக வேண்டும். இல்லாவிட்டால் உப்புக் கரைசல் பாகு முற்றின மாதிரி உள்ளேயே இறுகிவிடும். ரிசப்ஷன் முடிந்து நெருப்பை அணைத்துவிட்டு நான் பந்திக்குப் போன நேரம், திருப்போரூர் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் எலக்ட்ரீஷியன் செல்வம் அண்ணன் மிஷின் ரூம் மெயினையே இறக்கிவிட்டார். காலையில் வந்தால் உப்பு இறுகிக் கிடக்கிறது. கத்தினேன். அவர் நிதானமாகக் கேட்டார்: "நெருப்பே அணைஞ்சு போச்சு, பம்பு மட்டும் இன்னாத்துக்குமா தனியா சுத்திகினு இருக்கணும்?"

அக்னி

பைப்பைச் சூடாக்கி உப்பை இளக்க மதியமாகும். முகூர்த்தமோ காலையில். "காத்தாவது வரட்டும்" என்று மேனேஜர் ஹாலுக்குள் ஏசி காற்றைத் தள்ளும் ஃபேன்களை முழு வேகத்தில் போடச் சொன்னார். வெந்த காற்று அடித்தது. வேலை போச்சு என்று பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டேன். அப்போது மேடையிலிருந்து ஐயர் கத்தினார்: "ஏசிய நிறுத்துங்கோ, அக்னி நிக்கவே மாட்டேங்கறது!"

ஓடிப்போய் ஃபேன்களை நிறுத்தினேன். அதன்பிறகு யாருக்கு வேர்த்தாலும் பழி ஐயர் கணக்கில். சொன்னதும் நிறுத்தினேனாம், பெண் வீட்டார் மேனேஜரிடம் என்னை மெச்சினார்கள். "நான் எங்க நிறுத்தினேன், மிஷினே ஓடல" என்று வாயைத் திறந்தேன். மேனேஜர் என் காலை மிதித்தார். "வாய மூடு, நீ பர்மனென்ட்."

ஹால் ஜில்லென்று இருந்த நாட்களில் நான் ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியவில்லை, ஊரே வெந்த அன்றுதான் எனக்கு வேலை நிலைத்தது.