நல்ல நோ

மூன்று வருடங்களுக்கு முன்பு, எங்கள் நயினாதீவுத் திருவிழா முடிந்த கையோடு, யாழ்ப்பாணத்தில் எனக்குக் குடலிறக்கத்துக்குச் சத்திரசிகிச்சை செய்தார்கள். கடைக்கு வாங்கும் அரிசி மூட்டைகளைக் குறிகட்டுவான் துறையில் படகேற்றி, இங்கே இறக்கி, தூக்கித் தூக்கியே வந்த வினை. வலது கவட்டில் செயற்கை வலை வைத்துத் தைத்திருக்கிறோம், இனிப் பயமில்லை என்று அனுப்பினார்கள்.

காயம் ஆறியது, நோ ஆறவில்லை. படகில் ஏறக் காலை அகட்டினால் தொடையின் உள்பக்கமாகக் கரண்ட் அடிக்கும். கட்டியிருக்கும் சாரம் உரசினாலே எரியும். நாங்கள் இங்கே வலியை நோ என்போம். கடுமையாக வலித்தால் நல்ல நோ. என் கதை கெட்டதே இந்தச் சொற்களால்தான்.

மூன்றாம் மாதக் கிளினிக்கில் ஒரு புதுச் சிங்கள டொக்டர். தமிழ் ஏழெட்டுச் சொல்தான் தெரியும். மொழிபெயர்க்கத் தமிழ்த் தாதி ஒருவர் பக்கத்தில் நின்றார். எங்கள் தீவுப் பெண், படகில் அடிக்கடி காண்கிறவர். சாரத்தைத் தளர்த்தச் சொன்னதும் நான் அவரைப் பார்த்து நெளிந்தேன். அவர் விளங்கிக்கொண்டு அறைக்கு வெளியே போய்விட்டார்.

டொக்டர் தழும்பை அழுத்தி, “பெயின்?” என்றார். எனக்கு உயிர் போய் வந்தது.

“நோ, டொக்டர். நல்ல நோ!”

அவருக்குத் தெரிந்த தமிழில் ‘நல்ல’வும் ஒன்று. முகம் மலர்ந்து, “நல்ல, நல்ல!” என்று தோளில் தட்டி என் கிளினிக் அட்டையில் ஏதோ எழுதினார். ஆறுகிற நோ, அதனால் நல்லது என்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். கடைசிப் படகைப் பிடிக்கிற அவசரம் வேறு. பெயின் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அவர் இங்கிலீஷில் கேட்க நான் தமிழில் பதில் சொன்னது என் மடத்தனம்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு திரிந்தேன். மூட்டை தூக்க முடியவில்லை என்றபோது, எனக்குக் கள்ளம் என்று இறங்குதுறையில் நக்கலடித்தார்கள். மனைவிக்கும் சந்தேகம். “இஞ்சாருங்கோ, டொக்டர் நல்லமெண்டு சொன்னவரெண்டு நீங்கள்தானே வந்து சொன்னனீங்கள்?” என்றாள். அந்தக் கேள்விதான் நோவைவிட நொந்தது. கடைசியில் கடையை மூடினேன்.

பிறகு மறுபடி கிளினிக்குக்குப் போனபோது இருந்தவர் ஒரு தமிழ் டொக்டர். பழைய அட்டையைப் புரட்டிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அண்ணை, அண்டைக்கு நோ இல்லையெண்டு சொல்லியிருக்கிறியள். ஏன் மறைச்சனீங்கள்?”

“நான் எங்கை மறைச்சனான்? நல்ல நோ எண்டெல்லோ சொன்னனான்!”

அவர் அட்டையை மறுபடி பார்த்தார். என் ‘நோ’ இங்கிலீஷ் ‘நோ’வாகி, நோ இல்லை என்று பதிவாகியிருப்பது விளங்கியதும் சிரிப்பு வந்துவிட்டது, உடனே அடக்கிக்கொண்டார். நான் சிரிக்கவில்லை. நரம்பொன்று வலையோடு சிக்கியிருக்கலாம் என்றார். “வெள்ளனத் தெரிஞ்சிருந்தால் சுகமாயிருந்திருக்கும். இப்ப குறைக்கலாம், முழுக்க மாத்துவம் எண்டு சொல்ல ஏலாது.”

அவர் எழுதித் தந்த குளிசையை விழுங்கி விழுங்கி நோ பாதி குறைந்திருக்கிறது. கடை மூடியது மூடியதுதான். யாரிலும் கோபமில்லை என்று பெருந்தன்மையாக எழுத ஆசை, ஆனால் இருக்கிறது. அந்த டொக்டரிலும், அதைவிட என்னிலும். படகில் நான் காலை இழுத்து இழுத்து ஏறுவதைக் கண்டால் அந்தத் தாதி எழும்பி எனக்கு இடம் தருகிறார். அன்றைக்கு ஒரு நிமிடம் வெட்கத்தை விட்டு அவரை நிற்கவிட்டிருந்தால், இன்றைக்கு அவர் எனக்காக எழும்பவேண்டி வந்திராது.