கர்க்கடகத்தில் திரும்பும் கடல்

மீன்பெட்டிப் பலகை ஒன்றின் மேல் ஒரு நண்டை விட்டு, அது போகிற போக்கைப் பார் என்று அத்தான் எனக்குக் காட்டியது பொழியூர்க் கடற்கரையில், தொண்ணூறுகளில் ஒரு மழைக்காலத்தில். அத்தான் என் அக்காளின் கணவர், கருவாட்டு வியாபாரி. நண்டு வடக்கே ஓடியது. பலகையின் விளிம்பு வந்ததும் உடம்பைத் திருப்பாமலே வந்த வழியில் தெற்கே ஓடியது. "கர்க்கடம்னா நண்டு. சூரியனும் இப்படியாக்கும். வடக்க வடக்க போயிட்டு இந்த மாசம் தெக்க திரும்பும். அதுகொண்டு ராசிக்கும் மாசத்துக்கும் நண்டுக்க பேரு," என்றார். வானத்தில் நண்டு வடிவில் நட்சத்திரங்கள் இருப்பதால்தான் அந்தப் பெயர் என்று யாரோ சொன்னதை நான் மெதுவாகச் சொன்னேன். "எவன் கண்டான்? மழை மேகத்துக்க உள்ள கையிட்டு நண்டு பிடிச்சவனா?" என்று சிரித்தார்.

எங்கள் பக்கம் வீட்டில் தமிழ் பேசினாலும் மாதங்களை மலையாளக் கணக்கில் ராசியின் பெயரால்தான் சொல்லுவோம். ஆடி எங்களுக்குக் கர்க்கடகம். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். அமரவிளையில் செங்கல் சூளையில் வேலை. அந்தப் பெயருக்குள் சூரியனின் போக்கும் இருக்கும் என்று அன்றுவரை நினைத்ததில்லை. ஆனால் நான் போனது அதைக் கேட்க அல்ல. வீட்டுக்கு முன்னால் நின்ற தென்னைகளைக் கடல் எடுத்துவிட்டது என்று அக்கா ஆள் சொல்லி அனுப்பியிருந்தாள். அமரவிளையில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்துவைத்துவிட்டு, அவர்களைக் கூட்டிவரப் போயிருந்தேன்.

வீட்டை விட்டு என்னோடு வந்துவிடுங்கள் என்று, வழியெல்லாம் பஸ்ஸில் மனதுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தையை ஒருவழியாகச் சொன்னேன். அத்தான் கோபப்படவில்லை, பயப்படாதே என்று எனக்குத் தைரியம் சொன்னார். "பேடிக்காண்டாம் மக்கா. சூரியன் திரும்பினா கடலும் திரும்பும். எல்லா வருசமும் முற்றம் வரைக்கும் வரும், கர்க்கடகம் முடியதுக்குள்ள போவும். உனக்க அக்காட்ட கேளு." அது பொய்யல்ல. அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அதுக்குள்ள வீடு போனா நண்டா வந்து கெட்டித் தரும்?" என்றாள். அவர் அதற்கும் சிரித்தார். வருடத்துக்கு ஒரு சுவராக எழுப்பிய வீடு. அதை விட்டால் அவர்களுக்கு வேறு ஒன்றும் கிடையாது.

திரும்பி வர மனம் வராமல் அங்கேயே தங்கினேன். சாக்குகளில் மணல் நிறைத்துச் சுற்றிலும் அடுக்கினோம். அலை சாக்கை அறுத்து மணலைத் தன்னோடு கொண்டுபோனது. ஒரு மத்தியானம் அடுக்களைச் சுவர் நடுங்கியது. அத்தான் உள்ளேயிருந்து இரண்டு கைகளாலும் சுவரைத் தாங்கிக்கொண்டு நின்றார். நானும் பக்கத்தில் போய் நின்று தாங்கினேன். உள்ளங்கையில் ஒவ்வொரு அலையின் இடியும் தெரிந்தது. கடலைக் கையால் தடுக்க முடியாது என்று இரண்டு பேருக்குமே தெரியும். ஆனாலும் கையை எடுக்க முடியவில்லை. "ரெண்டுபேரும் வெளிய வாருங்க," என்று அக்கா வந்து சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் வந்தோம். சாயங்காலத்துக்குள் வீடு இல்லை.

பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். கர்க்கடகம் முடியட்டும் என்று அத்தான் அமரவிளைக்கு வர மறுத்துவிட்டார். கர்க்கடகம் முடிய சில நாள் இருக்கும்போது, "ஒண்ணு பாத்துட்டு வருவோம்," என்று என்னை அழைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனார். இன்று அங்கே கருங்கல் கொட்டி உயரமாகச் சுவர் கட்டியிருக்கிறார்கள், நின்றால் கடல் தெரியாது. அன்று எல்லாம் தெரிந்தது. கடல் வெகுதூரம் உள்வாங்கி அமைதியாகக் கிடந்தது. வீடு நின்ற இடம் எது என்று அடையாளம் இல்லாமல் புதுமணல் பரந்து கிடந்தது.

அத்தான் காலால் மணலைக் கிளறிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "திரும்பிச்சு, இல்லியா மக்கா?"

"திரும்பிச்சு அத்தான்," என்றேன்.