ஓசெல்லாவுக்குத் தலை செய்யப் போன நாள்

மிஸ் ஆர்லீத்தாவின் சவப்பெட்டியை மூடியே வைத்திருந்தார்கள். அவரே அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். செங்கல் சூளையைச் சுற்றி வளர்ந்த எங்கள் கறுப்பர் பகுதியான பிரிக்யார்டில் அது பழக்கமில்லை. இறந்தவரின் முகத்தைப் பார்த்து, தூங்குவது போலவே இருக்கிறார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டால்தான் எங்களுக்கு அழுகையே வரும். அதுவும் இந்தப் பகுதியில் இறந்த பெண்கள் அத்தனை பேருக்கும் கடைசி முறையாக முடியைச் சீவிச் சுருட்டித் தலை செய்தவருக்கு மூடிய பெட்டியா என்று, சர்ச்சுக்கு வந்திருந்த கொஞ்சம் பேரும் முணுமுணுத்தார்கள். எனக்குக் காரணம் தெரியும். ஓசெல்லாவிடம் அவர் போன அன்று காரை ஓட்டியவள் நான்.

அவருடைய சமையலறைதான் எங்களுக்கு அழகு நிலையம். சனிக்கிழமைகளில் கேஸ் அடுப்பில், சுருள்முடியை நேராக்கும் இரும்புச் சீப்பு காய்ந்துகொண்டிருக்கும். முடியும் களிம்பும் சூடாகிற வாசனை தெருமுனை வரை வரும். பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வயதில் நான் அந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்தேன். "காத மடக்கிப் பிடி வினெட்டா. பேசாத கண்ணு. நீ பேசுனா என் கை ஆடும், கை ஆடுனா காது போயிரும்" என்பார்.

எங்கள் பக்கம் ஒருத்தி இறந்துவிட்டால், சவ அடக்க நிலையத்து மிஸ்டர் டாலிவர் பாஸ்டருக்கு முன்னால் மிஸ் ஆர்லீத்தாவுக்குத்தான் போன் செய்வார். உயிரோடு இருந்தபோது தலையில் கை வைத்தவள்தான் கடைசியிலும் வைக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அவர் சீப்பையும் சின்ன அடுப்பையும் பையில் போட்டுக்கொண்டு போவார். வேலை முடியும் வரை இறந்தவளோடு பேசிக்கொண்டே இருப்பார். "கழுத்த நேரா வை வில்லி மே, இப்பவுமா கூன் போடுவ?" என்று அவர் அதட்டியதை வெளியில் நின்று நானே கேட்டிருக்கிறேன்.

எதிர்வீட்டு ஓசெல்லா டார்ப்ளியின் முறை எப்போதும் கடைசியில்தான் வரும். அவ்வளவு அடர்த்தியான முடி. செய்து முடிக்க மாலையாகிவிடும்.

"இது தலையாடி, முள்ளுக்காடா? என் சீப்புப் பல்லு வளைஞ்சு போச்சு."

"சீப்பும் பழசு, பிடிக்கிறவ அதவிடப் பழசு. என் முடிய ஏன் திட்டுற?"

"இன்னொரு வார்த்த பேசுனா பாதித் தலையோட அனுப்பிருவேன். நாளைக்கு சர்ச்சுல கர்த்தரே பயந்துருவாரு."

ஓசெல்லா குலுங்கிச் சிரிப்பார். பிறகு எப்போதும் அதே பேச்சுதான். "நான் செத்தா நீதான் வரணும் ஆர்லீத்தா. வேற எவளாவது தொட்டா எந்திரிச்சு உக்காந்துருவேன்." அதற்கு மிஸ் ஆர்லீத்தா சீப்பின் பின்முனையால் அவருடைய தலையில் ஒரு தட்டு தட்டுவார். அதுதான் ஒப்புதல். பிறகு மிஸ் ஆர்லீத்தா நாற்காலியில் உட்காருவார்; அவருக்குத் தலை செய்வது ஓசெல்லாதான்.

செங்கல் சூளை மூடியபோதே ஆண்கள் போய்விட்டார்கள். பிறகு நகரத்தின் மறுபக்கத்து வெள்ளைக்காரர்களுக்கு எங்கள் தெருக்கள் பிடித்துப்போயின. அவர்கள் வாங்கிய வீடுகள் சாம்பல் நிறமாகின. வீட்டு வரி ஏறியது. ஓசெல்லாவுக்கு உடம்பும் சரியில்லாமல் போக, மகள் ரோலாண்டா வீட்டை விற்றுவிட்டு அவரை அட்லாண்டாவுக்குக் கூட்டிப் போனாள். வாங்கியவர்கள் வீட்டுக்குக் கறுப்பு வண்ணம் அடித்தார்கள். "கறுப்பு வீடு வேணுமாம், கறுப்பு ஆளுங்கதான் வேணாமாம்" என்றார் மிஸ் ஆர்லீத்தா. அதன் பிறகு அந்தப் பக்கத்து ஜன்னல் திரையை அவர் திறக்கவே இல்லை.

சனிக்கிழமைகளில் இருவரும் போனில் பேசினார்கள். ஓசெல்லா வருகிறேன் என்பார், வர மாட்டார். நான் வரட்டுமா என்று இவர் கேட்டால், இந்த வாரம் வேண்டாம் என்பார். ஒருநாள் நான் அந்த நாற்காலியில் இருக்கும்போதே போன் வந்தது. தோளில் அதை இடுக்கிக்கொண்டு மிஸ் ஆர்லீத்தா கேட்டார்:

"தல என்னடி கதியில இருக்கு? பறவ கூடு கட்டிருச்சா?"

ஓசெல்லாவின் குரல் எனக்கும் கேட்டது. "நல்லா இருக்கு. இங்க ஒரு பொண்ணு வர்றா. கை பஞ்சு மாதிரி. உன்ன மாதிரி சுடுறதே இல்ல."

மிஸ் ஆர்லீத்தாவின் கை என் தலைமேல் அப்படியே நின்றது. "அப்ப சாகும்போதும் அவளையே கூப்பிட்டுக்கோ" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அன்று உண்மையாகவே என் காது சுட்டது.

அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. அங்கிருந்தும் போன் வரவில்லை. குளிர்காலம் முழுக்க இப்படியே போயிற்று. கடைசியில் ரோலாண்டாதான் கூப்பிட்டு, அம்மா போய்விட்டதைச் சொன்னாள். "எல்லாம் இங்கயே பாத்துக்குவாங்க ஆன்டி. நீங்க அடக்கத்துக்கு வந்தாப் போதும்."

"அந்தப் பொண்ணு பாத்துக்குவாளோ?"

"எந்தப் பொண்ணு?"

அவள் தெரியாதது போல நடிக்கிறாள் என்று மிஸ் ஆர்லீத்தா முடிவு கட்டினார். மறுநாள் காலை, சர்ச்சுக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டோடு, கையில் பையோடு என் வாசலில் நின்றார். "உன் வண்டி அட்லாண்டா வரைக்கும் தாங்குமா?"

வழியெல்லாம் ஓசெல்லாவைத் திட்டிக்கொண்டே வந்தார். "என் கை சுடுமாம்! இத்தன வருஷம் சுட்ட கையிலதான தலையக் குடுத்துட்டுத் தூங்குனா? முதல்ல மன்னிப்புக் கேக்கட்டும். அப்பறந்தான் சீப்ப எடுப்பேன்." சற்று நேரம் கழித்துத் தாழ்ந்த குரலில், "நெத்தியில ஒரு தழும்பு இருக்கு. முடிய எடது பக்கமாத் தள்ளி சுருட்டி விடணும். அதெல்லாம் அந்தப் பொண்ணுக்கு எங்க தெரியும்?" என்றார்.

அந்தச் சவ அடக்க நிலையம் ஓட்டல் போல இருந்தது. ரோலாண்டா எழுந்து ஓடி வந்தாள். "ஆன்டி, ஒரு நிமிஷம் உக்காருங்க. உங்ககிட்ட ஒண்ணு..."

"நான் உக்கார வரல கண்ணு" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். நான் பின்னால் போனேன்.

ஓசெல்லா ஊதா நிற உடையில் கிடந்தார். பாதியாகச் சுருங்கியிருந்தார். தலையில் பழுப்பு நிறத்தில் நேரான முடி, நெற்றியில் வெட்டிவிட்ட கற்றை. "யாரு செஞ்ச கூத்து இது?" என்று மிஸ் ஆர்லீத்தா அதைக் கோதிப் பிரிக்கக் கை வைத்தார். முடி முழுவதும் கையோடு வந்துவிட்டது.

உள்ளே வெறும் தலை. காதுக்கு மேலே மட்டும் பஞ்சு போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"பொண்ணுன்னு யாருமே இல்ல ஆன்டி" என்றாள் ரோலாண்டா கதவருகில் நின்று. "புத்துநோய். மருந்து ஏத்த ஆரம்பிச்சதும் எல்லாம் கொட்டிருச்சு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. ஆர்லீத்தா இதப் பாத்தா தாங்க மாட்டான்னு சொன்னாங்க."

மிஸ் ஆர்லீத்தா பொய்முடியை நாற்காலியில் வைத்தார். பையைத் திறந்து சீப்பை எடுத்தார். அதன் பின்முனையால், எப்போதும் செய்வது போல, அந்தத் தலையில் நெற்றியிலிருந்து பிடரி வரை ஒரு கோடு, காதிலிருந்து காதுக்கு ஒரு கோடு இழுத்தார். அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று நான் பயந்தேன். பிறகு களிம்பு டப்பாவைத் திறந்து, விரல் நுனியில் எடுத்து, ஒவ்வொரு பகுதியாகத் தேய்த்தார். அந்தத் தலையில் அதைத் தவிரச் செய்வதற்கு வேறொன்றும் இல்லை. எல்லா இறந்தவர்களோடும் பேசியவர், ஓசெல்லாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

பொய்முடியைத் திருப்பி வைக்க அவருக்குத் தெரியவில்லை. கோணலாக வைத்தார். ரோலாண்டா வந்து சரிசெய்தாள்.

திரும்பும் வழியில், எங்கள் ஊர் எல்லை வந்தபோது, "மொட்டத் தலையோட உக்காந்து போன் அடிக்குமான்னு பாத்திருப்பா" என்றார் மிஸ் ஆர்லீத்தா. "நான் ரோஷத்துல உக்காந்திருந்தேன்." இன்னும் கொஞ்ச தூரம் போனதும், "எனக்குப் பெட்டிய மூடிருங்க. எனக்குன்னு கை வைக்க வேண்டியவ போயிட்டா" என்றார்.

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. "வேற ஆளப் பாரு" என்றார். சர்ச்சில் அவருக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. ஆராதனை முடிந்ததும் ஒவ்வொருத்தியிடமும் போய், "தொப்பியக் கழட்டு, தலையப் பாக்கணும்" என்பார். எங்கள் பெண்களிடம் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியைக் கழற்றச் சொல்வது உடையைக் கழற்றச் சொல்வதற்குச் சமம். "கர்த்தரே எறங்கி வந்து கேட்டாலும் கழட்ட மாட்டேன்" என்று சிஸ்டர் மொசெல் கத்தினார். சிலர் சிரித்தார்கள். சிலர் அவர் உட்காரும் பெஞ்சை விட்டு எழுந்து போனார்கள். ஒருநாள் அவர் வருவதை நிறுத்திவிட்டார்.

பள்ளிக்கூட வேலை முடிந்ததும் நான் அவரைப் பார்க்கப் போவேன். உள்ளே நுழைந்ததும் என் தலைத்துணியை அவிழ்த்து, இரண்டு கைகளையும் உள்ளே விட்டு, வேர்வரை தடவிப் பார்ப்பார். அந்த விரல்களில் முன்பிருந்த பிடி இல்லை.

"எனக்கு ஒண்ணும் இல்ல மிஸ் ஆர்லீத்தா. நல்லாத்தான் இருக்கேன்" என்றேன் ஒருநாள்.

அவர் கையை எடுக்கவில்லை.

"அவளும் போன்ல அப்படித்தான் சொன்னா."