அவளுக்காக நான் சொன்ன பதில்

மூன்று வருடங்களுக்கு முன்னால், குறுவை அறுப்பு முடிந்து தாளடி நடவுக்கு வயலில் தண்ணீர் கட்டியிருந்த சமயம். பாபநாசத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பெண் குழந்தைகள் இல்லம் ஒன்றில் நடந்தது இது. அங்கே நான் இல்லத்தாயாக வேலை பார்க்கிறேன். சொந்த வீட்டில் இருந்தால் ஆபத்து என்று அரசாங்கமே பார்த்து அனுப்புகிற பிள்ளைகள் அங்கே தங்கிப் படிக்கிறார்கள். குளிக்க வைப்பது, பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவது, தலை வாரிவிடுவது, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது, இதெல்லாம்தான் எங்கள் வேலை.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். வீட்டுக்காரர் குத்தகைக்கு நிலம் பிடித்து விவசாயம் செய்கிறார். செவ்வாயும் வெள்ளியும் மாரியம்மன் கோயிலுக்குப் போகாமல் இருக்க மாட்டேன். எந்தக் கஷ்டமானாலும் அவள் முன்னால் நின்று சொல்லிவிட்டால் எனக்குத் தீர்ந்துவிடும். மனுஷரிடம் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. இது ஒரு பெருமை என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னோடு இன்னொரு இல்லத்தாயும் இருந்தாள். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். மன்னார்குடிப் பக்கம் கல்யாணம் செய்து கொடுத்திருந்தார்கள். ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. நான்கு நாள் இல்லத்தில் தங்குவாள், மூன்று நாள் வீட்டுக்குப் போவாள். பிள்ளைகளுக்கு நான் பெரியம்மா, அவள் சின்னம்மா. நான் இருக்கிற இடத்தில் பிள்ளைகள் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும். அவள் இருக்கிற இடத்தில் மடியிலும் தோளிலும் ஏறிக்கொண்டிருக்கும்.

மாதம் ஒரு தடவை தஞ்சாவூரிலிருந்து ஒரு மேடம் வருவார்கள். மனநலம் படித்தவர்கள். பிள்ளைகளைப் பார்க்க வேறு ஒருவர் வருவார். இந்த மேடம் எங்களைப் பார்க்க வருகிறவர்கள். முதல் தடவை வந்தபோதே, "இந்த மாதிரி வேலை பாக்குறவங்களுக்கு மனசுல பாரம் ஏறும். அதக் கேக்கத்தான் வர்றேன்" என்று சொன்னார்கள். நாங்கள் நம்பவில்லை. நீ நல்லா இருக்கியா என்று கேட்டுவிட்டுப் போவதற்காகத் தஞ்சாவூரிலிருந்து ஒருத்தர் பஸ் ஏறி வருவாரா? சோதனை போடத்தான் வருகிறார்கள், நேராகக் கேட்காமல் சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள் என்று எங்களுக்குள் முடிவு செய்துகொண்டோம்.

அதனால் மேடம் வருகிற நாளில் காலையிலேயே கூடத்தைக் கழுவிவிடுவேன். ஜன்னல் துடைத்தாகிவிடும். ரிஜிஸ்தரெல்லாம் மேஜைமேல் அடுக்கியாகிவிடும். கேசரி கிண்டி, வாழைக்காய் பஜ்ஜி போடச் சொல்வேன்.

"வர்றது மேடமா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்களாக்கா?" என்று சமையல்காரம்மா கேலி செய்வாள்.

"நீ முந்திரிய நல்லா வறு. வாய் இனிச்சா கை நல்லதா எழுதும்" என்பேன்.

மேடம் அந்த ரிஜிஸ்தரை ஒருநாளும் தொட்டதில்லை. கேசரியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று ஒவ்வொருவராகக் கேட்பார்கள். "உங்க புண்ணியத்துல ஒரு குறையும் இல்லைங்க மேடம்" என்று நான் சொல்வேன். மற்றவர்களும் அதையே சொல்வார்கள். சொல்லிக்கொடுத்தவள் நான்தானே.

அந்தச் சமயத்தில்தான் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி வந்து சேர்ந்தாள். முதல் பத்து நாள் யாரிடமும் பேசவில்லை. பிறகு சின்னம்மாவிடம் மட்டும் பேச ஆரம்பித்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து தலை வாருகிற நேரம், முகத்தைப் பார்க்காமல் முன்னால் திரும்பி உட்கார்ந்துகொண்டு, வீட்டில் தனக்கு நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுவாள். அது என்ன என்று இங்கே எழுத மாட்டேன். எழுதக் கூடாது. செய்தது சொந்தச் சித்தப்பன் என்பது மட்டும் போதும். அவள் சொன்னதைச் சின்னம்மா முறைப்படி எழுதி மேலே கொடுத்துவிட்டாள். எழுதிக் கொடுத்த பிறகும் அந்தக் குழந்தை தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. இவளும் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

ஒரு மாதத்தில் சின்னம்மா ஆளே மாறிவிட்டாள். தட்டில் சோற்றைப் போட்டுப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிடுவாள். கூப்பிட்டால் திடுக்கிடுவாள். ஒருநாள் துணி காயப்போடுகிற இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எனக்கு எங்க கொழுந்தனப் பாத்தாக்கூட பயமா இருக்குக்கா."

"ஏம்மா, அந்தத் தம்பி ஏதாவது..."

"ஐயோ, இல்லக்கா. அது தங்கமான மனுசன். எம்பொண்ணத் தூக்கி வச்சிக்கிட்டுதான் சாப்புடும். போன வாரம் புள்ளய அது கையிலேர்ந்து புடுங்கிட்டேன். என்ன அண்ணி இப்புடிப் பண்றீங்கன்னு நின்னுச்சு பாருங்க... வீட்ல எல்லாரும் என்னைய ஒரு மாதிரியா பாக்குறாங்க. எனக்கு என்னமோ ஆயிடுச்சுக்கா. மேடம் வந்தா சொல்லலாமான்னு பாக்குறேன்."

அந்த இடத்தில் நான், "சொல்லு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"பைத்தியமா உனக்கு? மனசு சரியில்லாதவன்னு எழுதிட்டாங்கன்னா புள்ளைங்க பக்கத்துலயே விட மாட்டாங்க. சொல்றதுன்னா ஆத்தாகிட்ட சொல்லு. மூணு வாரம் எலுமிச்சம்பழ விளக்குப் போடு, எல்லாம் ஓடிப்போயிடும்."

நானே அவளைக் கோயிலுக்கு அழைத்துப் போனேன். விளக்கேற்ற வைத்தேன், குங்குமம் வைத்துவிட்டேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு எனக்கு நிறையவே இருந்தது. அவளும் மறுபேச்சுப் பேசாமல் வந்தாள். கும்பிட்ட கையை எடுக்காமல் வெகுநேரம் நின்றாள்.

அந்த மாதமும் மேடம் வந்தார்கள். வழக்கம்போல வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். மேடம் அவளைப் பார்த்ததுமே, "என்னம்மா, இளைச்சிட்டீங்க? நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார்கள்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாயைத் திறக்கிறதா வேண்டாமா என்று என்னிடம் கேட்கிற பார்வை. மேடமும் அவள் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"அவளுக்கென்னங்க மேடம், நல்லாத்தான் இருக்கா. ரெண்டு நாளா லேசா தலைவலி. இன்னும் கொஞ்சம் கேசரி வைக்கட்டுங்களா?"

மேடம் விடவில்லை. "தனியா ஒரு பத்து நிமிஷம் பேசலாமாம்மா?" என்று அவளிடமே கேட்டார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "இல்லைங்க மேடம், தலைவலிதான்" என்றாள். மேடம் போகும்போது எங்கள் எல்லோருக்குமாக ஒரு தாளில் தன்னுடைய போன் நம்பரை எழுதிக் கொடுத்து, எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்று சொன்னார்கள். அந்தத் தாளை நான் வாங்கி அலமாரியில் சாமி படத்துக்கு அடியில் வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவள், "அக்கா, அந்த நம்பர்..." என்று ஆரம்பித்தாள். "மூணு வாரம் முடியட்டும்மா" என்றேன். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் முடியவில்லை. அது ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடம் லீவு. பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிற நாள். முற்றத்தில் வரிசையாக உட்கார வைத்து நான் ஒரு பக்கமிருந்தும் அவள் ஒரு பக்கமிருந்தும் தேய்த்துக்கொண்டு வந்தோம். அந்தக் குழந்தையின் முறை வந்தது. சின்னம்மா தலையில் கை வைத்ததுமே அது வழக்கம்போல ஆரம்பித்துவிட்டது. எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை.

"இன்னிக்கு வேணாம் கண்ணு" என்றாள் அவள்.

குழந்தை நிறுத்தவில்லை. அதற்கு அதைச் சொல்ல வேறு நேரமும் இல்லை, வேறு ஆளும் இல்லை.

"போதும்மா... போதும்னு சொல்றேன்ல!"

பளீர் என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் குழந்தையின் கன்னத்தில் எண்ணெய்க் கை அப்படியே பதிந்திருந்தது. அது அழவில்லை. கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பேச்சை மட்டும் பாதியில் நிறுத்திவிட்டு முன்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இவள்தான் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிள்ளைகள்மேல் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் வேலையில் முதல் விதி. நாங்கள் யாரும் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆபீஸ் அறைக்குப் போய், நடந்ததைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டாள். விசாரணை நடந்தது. வேலை போய்விட்டது. அதில் தப்புச் சொல்ல எனக்கு வாயில்லை. அடி வாங்கியது ஏற்கெனவே அடிபட்ட குழந்தை. விசாரணையில் என்னையும் கேட்டார்கள். கண்ணால் பார்த்ததைச் சொன்னேன். அதற்கு முன்னால் நடந்ததை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவளும் என் பேரை எடுக்கவில்லை.

அன்றிலிருந்து அந்தக் குழந்தை தன் வீட்டைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. தலை வார உட்கார்ந்தால் கழுத்தைக் கட்டைபோல வைத்துக்கொள்ளும். ஒருநாள் நான் ரிப்பன் கட்டிக்கொண்டிருக்கும்போது திரும்பிப் பார்க்காமலே கேட்டது:

"பெரியம்மா, நான் சொன்னதுனாலதான் சின்னம்மா போயிட்டாங்களா?"

"இல்லடா கண்ணு, இல்ல" என்றேன். அன்றைக்குச் சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். எத்தனையோ வருடமாக எல்லாவற்றையும் சொன்ன இடம். அன்றைக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை. ஆத்தா கேட்டுக்கொள்வாள். அந்தக் குழந்தைக்கு யார் பதில் சொல்வது?

அடுத்த மாதம் மேடம் வந்தபோது, "நீங்க எப்படி இருக்கீங்கம்மா?" என்று கேட்டார்கள். உங்க புண்ணியத்துல என்று ஆரம்பித்தவள் அதற்குமேல் போக முடியாமல் அழுதுவிட்டேன். சின்னம்மா தன் பயத்தைச் சொன்னது, நான் விளக்குப் போடச் சொன்னது, தாளை ஒளித்து வைத்தது, நான் முந்திக்கொண்டு பதில் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். அப்புறம், "அவங்க சொன்ன பயம் இந்த வேலைல வர்றதுதாம்மா. எனக்கே வந்திருக்கு. நானும் மாசாமாசம் இன்னொருத்தர்கிட்டப் போய்ச் சொல்றேன். அதக் கேட்டு வேலைய விட்டு எடுக்க நான் வரல. வேலைல வச்சிருக்கத்தான் வந்தேன்" என்றார்கள். கொஞ்சம் பொறுத்து, "அன்னிக்கு அவங்க உங்களத் திரும்பிப் பாத்தத நானும் பாத்தேன். நானும் விட்டிருக்கக் கூடாது" என்றார்கள். பிள்ளைகளைப் பார்க்க வருகிறவரை அந்தக் குழந்தையிடமும் மேடமே ஏற்பாடு செய்து பேச வைத்தார்கள். அது மறுபடி வாய் திறக்க ஏழெட்டு மாதம் ஆனது. திறந்தது எங்களிடம் இல்லை, வேறொருவரிடம்.

எனக்குத் தைரியம் வந்து சின்னம்மாவைப் பார்க்கப் போவதற்கு ஒரு வருடம் தாண்டி மறு தை மாதம் ஆகிவிட்டது. மன்னார்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும், "வாங்கக்கா" என்று சிரித்தாள். முதலில் கேட்டது அந்தக் குழந்தையைத்தான். "பேசுதாக்கா?" என்றாள். "கொஞ்சம் கொஞ்சமா" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னைய மன்னிச்சிரும்மா. அன்னிக்கு மேடம்கிட்ட ஒன்னப் பேச விடாம பண்ணினது நான்தான்" என்றேன்.

"நீங்க என்னக்கா பண்ணுவீங்க, நல்லதுக்குத்தான சொன்னீங்க" என்றாள். அவள் கோபப்பட்டுக் கத்தியிருந்தால்கூட எனக்குப் பாரம் இறங்கியிருக்கும். டிபன் பாக்ஸைத் திறந்து பாதி சோற்றை எனக்கு வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டே இருந்தவள் திடீரென்று நிமிர்ந்து, குற்றம் சொல்கிற மாதிரி இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டாள்:

"ஏங்க்கா, அன்னிக்கு மேடம்கிட்ட சொல்லியிருந்தா, நான் அந்தப் புள்ளய அடிச்சிருக்க மாட்டேன்ல?"

கடையிலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். பாத்திரத்தை மூடிக்கொண்டு ஓடிவிட்டாள். நான் கடை வாசல் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். இப்போதெல்லாம் புதிதாக வேலைக்கு வருகிற பெண்களை மேடத்திடம் விட்டுவிட்டு நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். கதவைச் சாத்துகிற ஒவ்வொரு தடவையும் அவள் கேட்ட கேள்வி எனக்குக் கேட்கிறது. நீ அடிச்சிருக்க மாட்டம்மா, அது உன் கை இல்ல, என் கை என்று அன்றைக்கே எழுந்து அந்தக் கடைக்குள் போய் அவளிடம் சொல்லாமல் வந்தேனே, என் முதல் தப்பைவிட இப்போது அதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது.