எட்டுப் பாவாடைக்குக் கிலோத் துணி

கடைக்குப் போய் ஒரு கைக்குட்டைகூட ஒழுங்காக வாங்கத் தெரியாதவன் நான். என் கல்யாணத்துக்கு நானே போய் வாங்கிய வேட்டியை விரித்துப் பார்த்தால் அது மேசை விரிப்பாக இருந்தது என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இன்றைக்கும் ஒரு கதை ஓடுகிறது. அது சுத்தப் பொய். மேசை விரிப்பு இல்லை, ஜன்னல் சீலை. இப்படிப்பட்டவனை நம்பி எட்டுப் பிள்ளைகளின் பாவாடைத் துணிக்கான காசைக் கொடுத்து அனுப்பினார்கள் என்றால், எங்கள் தோட்டத்துச் சனங்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தெமோதரைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். அங்குள்ள சின்னப் பள்ளிக்கூடத்தில் எட்டுப் பெண் பிள்ளைகள் கோலாட்டம் பழகி, பதுளையில் நடக்கிற போட்டிக்குத் தெரிவாகியிருந்தார்கள். எங்கள் மகளும் அதில் ஒருத்தி. தெரிவான நாளிலிருந்து அவள் கையில் அகப்பட்ட எல்லாவற்றையும் தட்டினாள். பானையை, கதவை, தூங்கிக்கொண்டிருந்த என் முதுகை.

பிள்ளைகளைப் பழக்கிய டீச்சர் யாழ்ப்பாணத்துப் பக்கத்திலிருந்து வந்தவர். மேல்சட்டைகள் பள்ளிக்கூட அலுமாரியில் இருந்தன. பாவாடைதான் இல்லை. டவுனில் ஒரு டெய்லரிடம் கேட்டுக்கொண்டு வந்து டீச்சர் தொகையைச் சொன்னார். கூட்டத்துக்கு வந்திருந்த தாய்மாரும் தகப்பன்மாரும் எல்லோரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தோம். தரையில் ஒன்றும் இல்லை.

"உடுப்பு இல்லாட்டி பிள்ளையளை மேடையில ஏத்த ஏலாது. ஒரே நிறம், ஒரே மாதிரி இருக்கவேணும். ஒண்டு பிசகினாலும் புள்ளியைக் குறைச்சுப் போடுவினம்" என்றார் டீச்சர்.

அப்போதுதான் என் மனைவி வாயைத் திறந்தாள். "துணி மட்டும் கெடச்சா நான் தச்சுத் தாறேன் டீச்சர்."

அவள் பகலில் மலையில் கொழுந்து எடுப்பாள். சாயங்காலம் வீட்டில் ஒரு பழைய கால்மிதி மிஷினில் சட்டைக்கு ஒட்டுப் போடுவாள், தலையணை உறை தைப்பாள். பாவாடை என்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒன்று, இரண்டு. எட்டு என்பது அவளுக்கும் புதிது. ஆனால் எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டாள். பெற்றோர் தங்களால் முடிந்ததைச் சேர்த்து அவள் கையில் கொடுத்தார்கள். அவளுக்கு வேலை நாள். எனக்குத் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து வேலை முடிந்து கை சும்மா இருந்தது. "நான் போய் வாங்கிட்டு வாறேன் புள்ள" என்றேன். என் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கித் தர அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

பதுளையில் முதலில் ஒரு பெரிய துணிக்கடைக்குள் போனேன். கண்ணாடிக் கதவு. தள்ளுவதா இழுப்பதா என்று அதோடு கொஞ்சம் மல்லுக்கட்டினேன். உள்ளே நின்ற பையன் மரியாதையாகக் கேட்டான்.

"எத்தனை யார் வேணும் அண்ணே?"

"யார் யாருக்குன்னா, எட்டுப் பொம்பளப் புள்ளைங்க தம்பி. பேரெல்லாம் சொல்லணுமா?"

"ஐயோ அண்ணே, யார். மீட்டர் மாதிரி. துணி அளக்கிற யார்."

அவன் விலையையும் சொன்னான். நான் துணியை மடித்து வைத்தேன். மடித்தது சரியில்லை என்று அவன் மறுபடி மடித்தான்.

வெளியே வந்தால் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லொறி. கார்மன்ட் ஆலையில் வெட்டி மிஞ்சிய துணியை மூட்டை மூட்டையாகக் கட்டி, கிலோக் கணக்கில் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு மூட்டையின் வாய் திறந்திருந்தது. உள்ளே நல்ல மெரூன் நிறம், கனமான துணி, பெரிய பெரிய துண்டு. இரண்டு துண்டை எடுத்து விரித்தேன். எனக்கே என் புத்தியைப் பார்த்துப் பெருமையாக இருந்தது. மூட்டையோடு வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். பஸ்ஸில் கண்டக்டர் மூட்டைக்கும் ஒரு டிக்கெட் வெட்டினான். அதுகூட எனக்கு அன்றைக்குப் பெருமைதான்.

வீட்டில் மூட்டையைக் கவிழ்த்தேன். மேலே இரண்டு பெரிய துண்டு. அதற்குக் கீழே உள்ளங்கை அளவில், வாழைப்பழம் மாதிரி வளைந்த துண்டுகள். சட்டைக்குக் கை வெட்டினால் மிஞ்சுமே, அது. பச்சை, நீலம், கோடு போட்டது, பூப் போட்டது. மனைவி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இதுல எலிக்கு ஒரு பாவாட தைக்கலாம்."

"மேல பெருசா இருந்துச்சு புள்ள."

"மேல பெருசா இருந்துச்சா. கொழுந்து நிறுக்கிற மடுவத்துல நாங்க என்னா பண்ணுவோம்? நல்ல கொழுந்த மேல பரத்தி, முத்தல அடியில அமுக்குவோம். கங்காணி என்னா பண்ணுவாரு? கைய விட்டு அடிவரைக்கும் கிளறிப் பாப்பாரு. தோட்டத்துலயே பொறந்து வளந்துட்டு, ஒரு கங்காணி புத்தி வேணாமாங்க?"

"அந்தப் புத்தி இருந்தா நான் கங்காணி ஆகியிருப்பேன்ல."

"இன்னைக்கு உங்களுக்கு அரைப் பேருதான்."

சொன்ன அளவுக் கொழுந்து கொண்டு வராதவர்களுக்கு அரை நாள் சம்பளம்தான் போடுவார்கள். அதைத்தான் நாங்கள் அரைப் பேர் என்போம். அவள் அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஊர்க் காசில் பாதி போய்விட்டது. மிச்சப் பாதிக்கு எட்டுப் பாவாடைத் துணி வேண்டும். கிடைக்காவிட்டால் எட்டுப் பிள்ளைகளும் வீட்டில். சின்னத் துண்டுகளை லயத்துப் பொம்பளைகள் சட்டி பிடிக்கவும் கால்மிதி பின்னவும் அள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போது ஒவ்வொருத்தியும் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பதுளைச் சந்தைக்குக் கிளம்பினோம். வாசலில் மகள் கேட்டாள்: "துணி கெடச்சிருமாம்மா?"

"கெடைக்கும். நீ போய்க் கம்ப தட்டு."

அன்றைக்குத்தான் நான் என் மனைவி துணி பார்ப்பதை முதன்முதலாகப் பார்த்தேன். இத்தனை வருசமாக ஒரே கூரைக்குக் கீழே இருந்தும், சாமான் வாங்கப் போனால் நான் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்துவிடுவேன். அவள் விலையைக் கேட்பதே இல்லை. முதலில் துணியைக் கசக்கிப் பிடிப்பாள், விடுவாள், சுருக்கம் நிற்கிறதா என்று பார்ப்பாள். பிறகு குறுக்கே இழுப்பாள். சந்தைக் கடைகளுக்கு மேலே நீலத் தரப்பால் கூரை கட்டியிருந்ததால் அதற்குக் கீழே எல்லா நிறமும் பொய் சொல்லும் என்று, ஒவ்வொரு துண்டையும் வெளியே தூறலுக்குள் கொண்டுபோய்ப் பார்த்தாள். சாயம் போகுமா என்று ஒரு முனையை நனைத்து, பக்கத்தில் இருந்த வெள்ளையில் தேய்ப்பாள். பக்கத்தில் இருந்த வெள்ளை என் சட்டை. பத்துக் கடை தாண்டுவதற்குள் என் சட்டைக் கை கோயில் கோபுரம் மாதிரி ஆகிவிட்டது.

கடைசியில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் நின்றாள். அங்கேயும் கார்மன்ட் துணிதான், கிலோக் கணக்குத்தான். ஆனால் மூட்டை கட்டாமல் குவியலாகக் கொட்டியிருந்தது. அவள் குவியலுக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டாள். கொழுந்து எடுக்கிற அதே கை. கண் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். வேண்டியது மட்டும் மேலே வந்தது, வேண்டாதது கீழேயே கிடந்தது. நான் உதவிக்கு ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தேன். பார்க்காமலே திருப்பிப் போட்டாள்.

மெரூன் துண்டுகள் ஒரு சாக்கு நிறையச் சேர்ந்தன. நானா சாக்கைத் தராசில் தொங்கவிட்டு நிறையைச் சொன்னார். அதற்கு எங்கள் கையில் இருந்தது பற்றாது. நான் வழக்கம்போலத் தரையைப் பார்த்தேன்.

"சாக்குக்கு ஒரு கிலோ கழிங்க நானா" என்றாள் என் மனைவி.

"சாக்கு ஒரு கிலோ வருமா தங்கச்சி?"

"எங்க கொழுந்துச் சாக்குக்குக் கழிக்கிறாங்களே. அப்புறம் தண்ணிக்கு ரெண்டு கிலோ."

நானா காதைச் சொறிந்தார். "துணிக்கு ஏது தங்கச்சி தண்ணி?"

"காலையில இருந்து தூறலு. தரப்பால் ஓரத்துல எல்லாம் ஒழுகுது. தொட்டுப் பாருங்க, சில்லுன்னு இருக்கு. நாங்க எடுக்கிற கொழுந்துக்கு வெயில் காலத்துலயே தண்ணிக்குக் கழிக்கிறாங்க நானா. மழை நாள்ல உங்க துணிக்குக் கழிக்கப்படாதா?"

பக்கத்தில் துணி பொறுக்கிக்கொண்டிருந்த பொம்பளைகளும் தோட்டத்து ஆட்கள்தான். ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி தன் பையை நீட்டி, "அப்படின்னா எனக்கும் தண்ணிக்குக் கழிங்க நானா" என்றாள். மூன்றாவது ஆள் வெறும் இரண்டு துண்டு வைத்திருந்தவள். அவளும் சாக்குக்குக் கழிக்கச் சொன்னாள். அவளிடம் சாக்கே இல்லை.

"யா அல்லாஹ், என்னய கணக்கப்பிள்ளையா ஆக்கிட்டீங்களே" என்று நானா தலையில் கை வைத்தார். ஆனால் சிரித்துக்கொண்டுதான் வைத்தார். கழித்தும் கொடுத்தார். "தங்கச்சி, அடுத்த வாரம் வெயிலடிக்கும்போது வாங்க. அப்ப பாக்கிறேன் என்ன சொல்றீங்கன்னு."

"வெயிலடிச்சா துணி சுருங்கிப் போச்சுன்னு சொல்லுவேன்."

நாங்கள் பிறந்ததிலிருந்து எங்கள் தலையில் கழித்துக்கொண்டிருக்கிற ஒரு கணக்கை, இவள் எடுத்துத் திருப்பி வைத்துக் கழிக்கிறாள். இது என் மண்டைக்கு ஏழு ஜென்மத்திலும் வந்திருக்காது.

ஆனால் சந்தை மூலையில் துண்டுகளைச் சாணால் அளந்து பார்த்தவள் முகம் மாறிவிட்டது. வீட்டில் இருந்த அந்த இரண்டு பெரிய துண்டைச் சேர்த்தாலும் ஏழு பாவாடைக்குத்தான் வரும். மெரூன் இனிமேல் எங்கேயும் இல்லை. எந்தப் பிள்ளையை விடுவது? கேட்டால் எந்தத் தாய் சொல்லுவாள்? "நம்ம புள்ளைய நிப்பாட்டிரலாமா?" என்று நான் மெதுவாகக் கேட்டேன். அவள் எதிர்க் கடையில் தொங்கிய ஒரு மஞ்சள் படுக்கை விரிப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஓரத்தில் கறை பட்டதால் விலை குறைத்துப் போட்டிருந்தார்கள்.

"அதுல ஒரு பாவாட தச்சா ஏழு மெரூன், ஒரு மஞ்சள்னு இருக்குமே புள்ள. டீச்சர் ஒரே நிறம்னு சொன்னாங்களே."

"ஒண்ணுல மட்டும் போட்டாத்தான் ஒட்டு. எட்டுலயும் போட்டா டிசைன்" என்றாள். மிச்சமிருந்த காசு அந்த விரிப்புக்குச் சரியாக இருந்தது. பஸ்ஸுக்கு என் சட்டைப் பையில் காசு இருந்ததால் நடக்கவில்லை.

அந்த வாரம் எங்கள் வீட்டில் சோறு தின்ன இடமில்லை. ஒவ்வொரு பாவாடையிலும் மெரூன் பட்டைகளுக்கு நடுவில் மேலே குறுகி, கீழே விரிகிற மஞ்சள் பட்டைகளை வைத்துத் தைத்தாள். என் வேலை நூல் வெட்டுவது. இரண்டு தடவை நூலுக்குப் பதில் துணியை வெட்டிய பிறகு, தேத்தண்ணி ஊற்றுகிற வேலைக்கு மாற்றப்பட்டேன்.

டீச்சர் பார்க்க வந்தார். ஒரு பாவாடையை விரித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "ஒரே நிறமெண்டெல்லோ சொன்னனான்" என்றார்.

"எட்டும் ஒண்ணாத்தான் இருக்கு டீச்சர்" என்றாள் என் மனைவி. "கட்டிவிட்டுச் சுத்தச் சொல்லிப் பாருங்க."

எங்கள் மகளுக்குக் கட்டிவிட்டார்கள். அவள் லயத்து வாசலில் ஒரு சுற்றுச் சுற்றினாள். சும்மா நிற்கும்போது மடிப்புக்குள் ஒளிந்திருந்த மஞ்சள் அப்படியே விரிந்து வந்தது. டீச்சர் இன்னொரு தடவை சுற்றச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை.

"இதை எந்தக் கடையில தைப்பிச்சனீங்கள் எண்டு கேட்டால் என்ன சொல்லுறது?" என்று கேட்டார். அதுதான் அவருடைய சம்மதம் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. என் மனைவிக்கு உடனே புரிந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

போட்டியில் பரிசு மூன்றாவது. அது எனக்குப் பிறகுதான் தெரியும். மண்டபத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து மேடையைப் பார்த்தபோது, எட்டும் சுற்ற ஆரம்பித்ததும் எனக்கு மகளைக் கண்டுபிடிக்க முடியவில்லை. எட்டும் ஒரே மாதிரி. இடது பக்கத்திலிருந்து மூன்றாவதாக நின்ற பிள்ளைக்கு எழும்பி நின்று கைதட்டினேன், கையை ஆட்டினேன்.

"அண்ணே, அது எங்க புள்ள" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

மனைவியிடம் கேட்டேன், "நம்ம புள்ள எதுடி?"

அவள் மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியலங்க. எல்லாத்துக்கும் தட்டுங்க."