அடிக்காமல் விட்ட அலாரம்: தயாளினி நினைவாக

நல்லூரில் உள்ள எங்கள் அலுவலகத்தில் எந்நேரமும் ஏதாவது ஒரு போன் அடித்துக்கொண்டிருக்கும். பரிசோதனைக்காக அடிப்பவை என்பதால் யாரும் எடுப்பதில்லை. சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அந்தப் போன்களுக்கு நடுவே என் சொந்தப் போனும் கிடந்தது. மூன்று தடவை அடித்து ஓய்ந்து, நான்காவது தடவை அடித்தபோதுதான் திரையில் இருந்த பெயரைக் கவனித்தேன். எங்களோடு வேலை செய்யும் தயாளினியின் தங்கை. தலையிடி என்று இரண்டு நாள் முன்னர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார் தயாளினி.

"அண்ணை, அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டா."

மூளையில் இரத்தக் கசிவு என்றார்கள். தயாளினிக்கு வயது நாற்பத்து நான்கு.

அவரோடு வேலை செய்தவர்களுக்கு நான் எதையும் விளக்கத் தேவையில்லை. ஆனால் அவருடைய உறவினர் பலருக்கு அவர் செய்த வேலை என்னவென்று தெரியாது என்பதைச் செத்தவீட்டில்தான் அறிந்தேன். "போன் திருத்திற பிள்ளை, பாவம்," என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். அவருக்காகவும் எழுதுகிறேன்.

ஒரு நிறுவனம் புதிதாக ஒரு கைத்தொலைபேசியைச் செய்தால் அதை உடனே விற்றுவிட முடியாது. மற்றப் போன்களில் ஓடும் செயலிகள் எல்லாம் இதிலும் பிசகாமல் ஓடும் என்று காட்ட வேண்டும். ஆயிரக்கணக்கான பரிசோதனைகள் உண்டு. பெரும்பாலானவற்றைக் கணினியே செய்யும். சிலவற்றை மனிதர் கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, "சரி" அல்லது "பிழை" என்று அழுத்த வேண்டும். முடிவில் அறிக்கை போகும். அதை வைத்துச் சான்றிதழ் கிடைக்கும். எங்கோ வெளிநாட்டில் செய்த போன்களுக்கு இந்த வேலையைப் பதினொரு பேராக நாங்கள் இங்கிருந்து செய்கிறோம். சரிபார்த்தவர் என்ற இடத்தில் தயாளினியின் கையெழுத்து இருக்கும். பொறுப்பாளர் நான்.

தயாளினி பௌதிகவியல் படித்து, ரியூசன் வகுப்புகளில் சில காலம் கற்பித்துவிட்டு எங்களிடம் வந்தவர். வந்த முதல் வாரமே எல்லோரின் வெறுப்பையும் சம்பாதித்துக்கொண்டார். ஒலிபெருக்கிப் பரிசோதனையில் மெல்லிய ஒரு ஒலி வரும். கேட்டதா என்று திரை கேட்கும். நாங்கள் எல்லோரும் படபடவென்று "சரி" அழுத்திப் போய்க்கொண்டிருந்தோம். தயாளினி எழும்பிப்போய், சித்திரை வெயிலில், மின்விசிறிகளை எல்லாம் நிறுத்தினார். வியர்வையில் நனைந்துபோய் நான் ஏன் என்று கேட்டேன்.

"கேட்டதா எண்டுதான் அது கேக்குது, அண்ணை. கேட்ட மாதிரி இருந்ததா எண்டு கேக்கேல்லை."

அடுத்த கிழமை, போன் தன் இடத்தைச் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கத் திறந்த வெளி வேண்டுமென்று, ஐந்து போன்களைச் சுளகில் வைத்துக்கொண்டு சண்டிலிப்பாயில் தன் வீட்டுக்குப் பக்கத்துப் புகையிலைத் தோட்டத்துக்கு நடுவில் போய் நின்றிருக்கிறார். தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவர், "என்ன பிள்ளை, விக்கிறியோ?" என்று கேட்டாராம். "இல்லை மாமா, இதுகளுக்கு வானம் தெரியுதோ எண்டு பாக்கிறன்." இதைத் தயாளினியே சொல்லிச் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கண்டது குறைவு.

இனி அந்த அலாரத்தின் கதை.

புது மாதிரிப் போன் ஒன்று வந்திருந்தது. எல்லாம் தேறிவிட்டது. ஒரே ஒரு பரிசோதனை மட்டும் சில வேளை தேறியது, சில வேளை தவறியது. போனைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். குறித்த நிமிடத்தில் அலாரம் அடிக்க வேண்டும். தவறினால் மறுபடி ஓடவிடலாம், அதற்கு அனுமதி உண்டு. மறுபடி ஓடவிட்டோம், அடித்தது. எனக்கு அது போதும். வெள்ளிக்கிழமை அறிக்கை போக வேண்டும். தயாளினி கையெழுத்து வைக்க மறுத்தார்.

"ரெண்டாந்தரம் சரிவந்திட்டுதெல்லோ?" என்றேன்.

"ஒருக்காப் பிழைச்சது பிழைச்சதுதான், அண்ணை. பிறகு சரிவந்தது வேறை கதை. ஆரோ ஒராள் இதை நம்பி மருந்துக்கு நேரம் வைச்சிட்டுப் படுக்கப்போகுது."

"அப்ப நான் கையெழுத்து வைக்கிறன்."

"வையுங்கோ. அது உங்கடை பேர். ஆனா நான் எழுதி வைச்ச குறிப்பையும் அதோடை அனுப்புங்கோ."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். நான் கையெழுத்து வைக்கவில்லை. துணிவு என்று யாரும் நினைக்க வேண்டாம்; அந்தக் குறிப்பை அறிக்கையோடு சேர்த்து அனுப்பப் பயம், சேர்க்காமல் அனுப்ப வெட்கம். திங்கள் வரை அவகாசம் கேட்டேன். எங்களுக்கு இந்த வேலையைப் பிடித்துத் தரும் கொழும்பு முகவர் தொலைபேசியில் சீறினார். இதைச் செய்ய வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொல்லிப் போனை வைத்தார்.

அன்று பின்னேரம் தயாளினி ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அலாரம் தவறியபோது நாங்கள் எங்கே நின்றோம் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, அந்த நேரங்களையெல்லாம் எழுதியிருந்தார். எல்லாமே நாங்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தபோது, அதுவும் மின்சாரம் நின்றிருந்த நாள்களில்.

"மேசை ஆடுது, அண்ணை. நாங்கள் தட்டச்சடிக்கிறம், மேலை ஃபேன் சுத்துது. எல்லாம் போனுக்குத் தெரியும். அதாலை அது முழு நித்திரைக்குப் போகேல்லை. நாங்கள் எழும்பிப் போய், கரண்டும் நிண்டாத்தான் போகுது. போனால் எழும்புதில்லை."

சனிக்கிழமை ஆறு போன்களைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, மானிப்பாய் வழியாக மோட்டார் சைக்கிளில் நானும் போனேன். விதை வெங்காயம் கட்டித் தொங்கவிடும் பின்னறையில், வெறும் சீமெந்து நிலத்தில், ஆறையும் வரிசையாக வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார். எல்லாவற்றிலும் நண்பகல் பன்னிரண்டுக்கு அலாரம். நானும் அவரும் கதவுக்கு வெளியே, கால் அசைக்கவும் அஞ்சி இருந்தோம். அவருடைய தாய் தேத்தண்ணி கொண்டுவந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்: "போன் அடிக்கிறதுக்கோ பாத்துக்கொண்டிருக்கிறியள்?"

"இல்லையம்மா. அடிக்காமல் விடுறதுக்கு."

பன்னிரண்டு மணிக்கு உள்ளே இரண்டு போன்கள் அடித்து ஓய்ந்தன. பிறகு சத்தமே இல்லை. பன்னிரண்டரைக்கு அவர் கதவைத் திறந்தார். மீதி நான்கும் நிலத்தில் இருண்டு கிடந்தன. குனிந்து ஒன்றைத் தூக்கினார். தூக்கிய கணமே அது அவர் கையில் அலறியது, அரைமணி நேரம் பிந்தி. அடுத்ததைத் தூக்கினார், அதுவும் அலறியது. நான்காவதும் அடித்தது. பெரிய ஆய்வுகூடங்கள் இருக்கிற ஒரு நிறுவனம் காணாத பிழையை, வெங்காய அறைக்குள் இந்தப் பெண் கையால் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் வெற்றி எதுவும் இல்லை. "பாவங்கள், எழும்பத் தெரியேல்லை," என்று மட்டும் சொன்னார்.

திங்களன்று, "பிழை" என்று குறித்து, அதை எப்படிக் காண்பது என்று படிப்படியாக எழுதி அனுப்பினோம். பதில் இல்லை. மூன்று கிழமையாகப் புதுப் போன் எதுவும் வரவில்லை. வெறும் மேசைகளைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போனது. ஒருநாள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்: "உங்கடை சரி எங்களுக்கு வேலை தராது, தயாளினி."

"ஓம் அண்ணை, தராது," என்றார். பிறகு பழைய போன்களைத் துடைக்கத் தொடங்கினார். அந்த வார்த்தைக்காக நான் பின்னர் மன்னிப்புக் கேட்டேன். கேட்க வேண்டிய அளவு கேட்டேனா என்று தெரியவில்லை.

நான்காம் கிழமை அந்த நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவர் நேரே எங்களை அழைத்தார். மேல்மாடியில் இருந்த தங்கள் ஆய்வுகூடத்தில் எத்தனை தரம் பார்த்தும் பிழை வரவில்லையாம். கடைசியில் தயாளினி எழுதியபடியே, கட்டடத்தின் அடித்தளத்துக்கு இறங்கி, வெறும் நிலத்தில் வைத்துவிட்டு விலகி நின்றிருக்கிறார்கள். அங்கும் அடிக்கவில்லை. விற்பனைக்குப் போகுமுன் திருத்திவிட்டார்கள். எந்தக் கருவியால் கண்டுபிடித்தீர்கள் என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார். நான் ஒலிபெருக்கியைப் போட்டு, தயாளினியிடம் கையைக் காட்டினேன்.

"சீமெந்து நிலம் எண்டு சொல்லுங்கோ, அண்ணை," என்றார் அவர் தமிழில். ஆங்கிலம் என்னிலும் நன்றாகத் தெரிந்தவர், ஆனால் கூச்சம். அடுத்த மாதிரிகள் எங்களுக்கே வந்தன. சரிபார்ப்பவர் தயாளினியாகவே இருக்க வேண்டும் என்று கேட்டு எழுதியிருந்தார்கள்.

அந்த மாதிரிப் போன் எத்தனை நாடுகளில் எத்தனை பேரின் தலைமாட்டில் கிடக்கிறதோ, எனக்குத் தெரியாது. அதன் அலாரத்துக்கு இன்று காலையும் யாரோ எழும்பியிருப்பார்கள். தங்களை எழுப்பியது யார் என்று அவர்கள் அறியப்போவதில்லை. அதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் மலைப்பாக இருக்கிறது.

அவர் எழுதி வைத்த குறிப்புகளைத் தங்கையிடம் கொடுத்துவிட்டேன். எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அவருடைய ஒரு கேள்வி. போன கிழமை கமராப் பரிசோதனை ஒன்றில், தவறியது என்று காட்டும் சிவப்புக் கோடு விழுந்தது. மறுபடி ஓடவிட்டால் பச்சையாகிவிடும் என்று எனக்குத் தெரியும். விரல் அழுத்தப் போனது. அழுத்தவில்லை. திரும்பி, அந்தப் போனைப் பார்த்தவரிடம் கேட்டேன்:

"அது பிழைக்கேக்கை நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?"

அவர் யன்னல் பக்கத்தைக் காட்டினார். வெயில் நேரே விழுகிற இடம். நான் கதிரையை இழுத்துக்கொண்டு அங்கே போய் இருந்தேன்.