ஐந்தாவது தப்பு

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. வால்வு கம்பெனியில் அதை யாரும் சொல்வதில்லை. வாட்ச்மேனில் தொடங்கி மேனேஜர் வரை எல்லாருக்கும் அவள் தப்பக்கா. முதலாளி மட்டும் மரியாதை கருதி தப்பம்மா என்பார்.

பெயர் வந்த விதம் இது. வெளிநாட்டு ஆட்களோடு எப்படிப் பழகுவது என்று ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆன்லைன் பயிற்சி தேவைப்பட்டது. வெளியே வாங்கப் போனால் விலை யானை விலை, குதிரை விலை. நாமே வீடியோ எடுத்துக்கொள்ளலாம் என்று ஹெச்.ஆர். அதிகாரி வேட்டியை மடித்துக் கட்டாத குறையாக இறங்கினார். கெட்ட மனிதர் இல்லை. ஆர்வம் ஜாஸ்தி, அவ்வளவுதான். சரியாகப் பழகுகிறவராக நடிக்க, விற்பனைப் பிரிவில் சொந்தமாகக் கோட்டு வைத்திருந்தவரைப் பிடித்தார். இன்னொரு ஆளும் தேவைப்பட்டது. டிஸ்பாட்ச்சில் பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த இவளைக் கூப்பிட்டு, "நீங்க நடிக்கவே வேணாம்மா, எப்பவும் போல இருங்க, போதும்" என்றார்.

எதிரே உட்கார நிஜமான வெளிநாட்டுக்காரர் வேண்டுமே. வால்வுகளைச் சோதிக்க வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஒரு பரிசோதகர் வந்திருந்தார். நெட்டையான ஆள், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி இருப்பார். அவரை உட்காரவைத்தார்கள். இவள் எப்போதும் போலவே இருந்தாள். வயசு என்ன, கல்யாணம் ஆச்சா, சம்பளம் கட்டுப்படியாகுதா, ஏன் இப்படி இளைச்சுப் போயிருக்கீங்க, அம்மா எப்படி இருக்காங்க என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் வரிசையாகக் கேட்டாள். நடுவில் செல்போன் அடித்தது, எடுத்துப் பேசினாள். சரக்கு எப்போது வரும் என்று அவர் கேட்டதற்கு, பார்க்கலாம் என்றாள்.

வீடியோவை கேன்டீனில் போட்டுக் காட்டியபோதுதான் அவளுக்கு விஷயமே தெரிந்தது. அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் நெற்றியில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி விழுந்தது. கூடவே 'டொய்ங்' என்று ஒரு சத்தம். மொத்தம் ஏழு தப்பு. கேன்டீனே குலுங்கியது. அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்குப் போய் அழுதாள்.

ஏழில் ஆறுக்காக அழவில்லை. ஆறும் தப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும். ஐந்தாவதுதான் அவளுக்கு ஆறவில்லை. அம்மா எப்படி இருக்காங்க என்று கேட்டதும் அந்த நெட்டை மனிதர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு பேச ஆரம்பித்தார். அம்மா முதியோர் இல்லத்தில் இருக்கிறாள், குளியலறையில் வழுக்கி விழுந்தாள், எலும்பு கூடிவிட்டது, ஆனாலும் எழுந்து நடக்கப் பயப்படுகிறாள். அவருக்கு ஊர் ஊராக வேலை, போய்ப் பார்க்கவே முடிவதில்லை. லைட் பிடித்தவர் டீ குடித்துவிட்டு வரும்வரை பேசினார். "கையப் பிடிச்சுக்கிட்டு நீங்களே நடத்திப் பாருங்க, பயம் தெளிஞ்சிடும்" என்று இவள் சொன்னாள். அதையெல்லாம் கத்தரித்துப் போட்டுவிட்டு, கேள்வியை மட்டும் வைத்து டொய்ங் அடித்திருந்தார்கள்.

மறு வருடம் வெளிநாட்டு வாடிக்கையாளர் பிரிவில் ஒரு இடம் காலியானது. தப்பக்காவுக்கு அது வேண்டும். சம்பளம் கூட வரும் என்பது ஒரு பக்கம். டிஸ்பாட்ச்சில் லாரி பின்னால் வந்து நிற்கும் இடத்தில்தான் அவள் மேசை; டீசல் புகையைத் தின்றே பாதி ஆயுள் போய்விட்டது. அந்தப் பிரிவின் அறையில் ஜன்னல் உண்டு. அவளிடம் வேலை கற்றவர்களெல்லாம் ஜன்னல் பக்கம் போய்விட்டார்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. பயிற்சியின் தேர்வில் தேற வேண்டும். தேர்வு என்பது வீடியோவைப் பார்த்து, அந்த அம்மாள் செய்தது சரியா தப்பா என்று ஒவ்வொன்றுக்கும் பட்டனை அமுக்குவது. அந்த அம்மாள் இவள்தான். ஒன்று பிசகினாலும் ஃபெயில். மூன்று வாய்ப்பு.

முதல் தடவை ஐந்தாவதற்குச் சரி என்று அமுக்கினாள். ஃபெயில். இரண்டாவது தடவையும் சரி என்றே அமுக்கினாள். கம்ப்யூட்டரும் விடுகிற மாதிரி இல்லை.

கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். எதையும் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பார். "தப்புன்னு அமுக்கிட்டுப் போயேன். மெஷின்கிட்ட என்ன ரோஷம்?" என்றார்.

"தப்பு இல்லாததை எப்படிங்க தப்புன்னு அமுக்குறது?"

"அப்போ லாரிப் புகையே நல்லா இருக்குன்னு சொல்லு."

ஹெச்.ஆர். அதிகாரியிடமும் போய்க் கேட்டாள். அவர் பொறுமையாகவே விளக்கினார். "அவரு பதில் சொன்னாருங்கிறது வேற விஷயம்மா. சில பேரு அதெல்லாம் விரும்ப மாட்டாங்க. பொதுவா பாத்தா தப்புதான்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். மூன்றாவது தடவை தப்பு என்று அமுக்கினாள். திரை முழுக்க கலர் கலராக பலூன் பறந்தது.

இடம் கிடைத்தது, ஆனால் உறுதியாகவில்லை. முதல் மூன்று வாரம் வாடிக்கையாளரோடு அவள் பேசும் வீடியோ அழைப்பை ஹெச்.ஆர். அதிகாரி பக்கத்தில், கேமராவுக்குத் தெரியாமல் உட்கார்ந்து கவனிப்பார். அவர் கையில் ஒரு மதிப்பீட்டுத் தாள். தப்பு விழுந்தால் மறுபடி லாரிப் பக்கம்.

முதல் அழைப்பு. மறுமுனையில் வந்தவர் அதே பரிசோதகர். இவளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. நேரே விஷயத்துக்கு வர வேண்டும் என்பது பாடம். வந்தாள். கசிவுச் சோதனை, பேக்கிங், கப்பல் தேதி. எல்லாம் முடிந்தது. அவர் இணைப்பைத் துண்டிக்காமல் இருந்தார்.

"வேற ஏதாவது?" என்று கேட்டார்.

"வேற ஒண்ணும் இல்ல சார். நன்றி."

அதிகாரி கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். அவளுக்கு ஏனோ சந்தோஷம் வரவில்லை.

இரண்டாவது வாரமும் அப்படியே. அவர் சவரம் செய்திருக்கவில்லை. வேலையெல்லாம் பேசி முடித்துவிட்டு, "வேற ஏதாவது?" என்றார். அவள் வாய் திறந்தது. பக்கத்தில் அதிகாரியின் பேனா தாளின் மேல் நிமிர்ந்தது. ஜன்னல், சம்பளம், கணவரின் ஒரு கண் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. "ஒண்ணும் இல்ல சார்" என்றாள்.

மூன்றாவது வாரம் அவர் எதுவும் கேட்கவில்லை. கப்பல் தேதியைச் சொன்னதும் தலையாட்டிவிட்டு இணைப்பைத் துண்டிக்கக் கையை நீட்டினார். வேலையாவது மண்ணாவது என்று கேட்டேவிட்டாள்.

"சார், அம்மா எப்படி இருக்காங்க?"

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"போயிட்டாங்க. போன செவ்வாய்க்கிழமை."

பக்கத்தில் பேனா அசையவில்லை.

"நீங்க சொன்ன மாதிரி கையப் பிடிச்சு நடத்தினேன்" என்றார் அவர், வால்வு சோதனை முடிவைச் சொல்கிற அதே குரலில். "நடந்தாங்க. தோட்டம் வரைக்கும் தனியாவே நடந்து போனாங்க. முதல் வாரம் உங்களப் பாத்ததும், இப்போ கேப்பீங்க, நல்லா நடக்கிறாங்கன்னு சொல்லலாம்னு இருந்தேன். நீங்க கேக்கல. வேலை நேரம், நானா எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவளுக்குத் தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இவ்வளவு பெரிய பாவத்தை ஒரு பட்டனை அமுக்கியே செய்ய முடியும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

"கடைசியில கூட இருந்தீங்களா?" என்று கேட்டாள்.

"இருந்தேன்."

"அது போதும் சார்."

திரை அணைந்தது. ஹெச்.ஆர். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"இந்த சீட் உங்களுக்குத்தாம்மா. கடைசியா கேட்டீங்களே, அத நான் எழுதல."

"எழுதுங்க சார். போன ரெண்டு வாரமும் நான் கேக்கல. அதையும் தப்புன்னு எழுதுங்க."

அவர் தாளை எடுத்து மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"அதுக்கு இதுல இடம் இல்லையேம்மா" என்றார்.